நெல் இலையில் கண்

கேள்வி: மேலுரமாக யூரியா போட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லை. நெல் இலையெல்லாம் கண் வடிவப் புள்ளிகள். நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு. பயிருக்கு எதிர்ப்புச் சக்தியே கிடையாதா?
- மன்னார்குடி வாசகர்

பதில்: இருக்கிறது. வந்திருப்பது குலை நோய்ப் பூஞ்சாணம், அது கில்லாடி. பனி ஈரத்தில் அதன் வித்து இலையில் பசைபோட்டு ஒட்டி, முளைத்து, நுனியில் ஒரு குமிழை உண்டாக்கும். அந்தக் குமிழுக்கு மெலனின் என்ற கருநிறமிப் பூச்சு. உள்ளே கிளிசரால் சேரச் சேர, தண்ணீர் புகுந்து அழுத்தம் ஏறும். கார் டயரில் இருப்பதைப்போல் சுமார் 40 மடங்கு! அந்த வேகத்தில் ஊசிபோல் இலைத்தோலைத் துளைக்கிறது. முதன்முதலாகப் படித்தபோது நான் நம்பவே இல்லை.

உள்ளே போனதும் அடுத்த தில்லுமுல்லு. பூஞ்சாணச் சுவரிலுள்ள கைட்டின் துணுக்குகளை மோப்பம் பிடித்துத்தான் நெல் உஷாராகும். பூஞ்சாணமோ ஒரு புரதத்தைச் சுரந்து, அந்தத் துணுக்குகளைப் பயிரின் கண்ணில் படாமல் மறைத்துவிடும். சில ரகங்களில் இத்தகைய புரதத்தையே அடையாளம் காணும் மரபணு உண்டு. அந்தப் புரதத்தை மாற்றிக்கொண்டு வரும் புதுப் பூஞ்சாணத்திடம் அதுவும் தோற்கும். கோவையில் உருவான கோ 39 நெல் ரகம் இந்நோய்க்கு எளிதில் ஆட்படுவதால், உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் சோதனைக்கென்றே வளர்க்கிறார்கள்!

டிரைசைக்ளசோல் மருந்து அந்த மெலனின் பூச்சைத்தான் தடுக்கும். பூச்சில்லாத குமிழால் துளைக்க முடியாது. வந்த புள்ளி மறையாது. யூரியாவை இப்போதைக்கு நிறுத்துங்கள். தழைச்சத்து கூடினால் இலை மென்மையாகி, பூஞ்சாணத்துக்கு வசதி. அப்புறம், கதிர்க் கழுத்தைக் கவனியுங்கள். அங்கே வந்தால் பதர்தான்.