பச்சையாகத்தான் இருக்கிறது, கூலன்ட்டை மாற்ற வேண்டுமா?

கேள்வி: என் பைக் லிக்விட் கூல்டு, அதாவது கூலன்ட் என்ற திரவம் சுற்றிவந்து இன்ஜினைக் குளிர்விக்கும் வகை. வாங்கி மூன்று வருடம் ஆகிறது, கூலன்ட்டை இதுவரை மாற்றவில்லை. ரிசர்வ் டேங்க்கில் நிறம் அப்படியே பச்சையாக இருக்கிறது, அளவும் குறையவில்லை. "டேங்க்கில் இருப்பதை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றினால் போதும்" என்கிறார் மெக்கானிக். தண்ணீர் விட்டு இரண்டு மூன்று முறை ஃப்ளஷ் செய்தே ஆக வேண்டும் என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி? நானே செய்யலாமா?

பதில்: தாராளமாக நீங்களே செய்யலாம். ஆனால் இருவர் சொல்வதையும் அப்படியே கேட்க வேண்டாம்.

மெக்கானிக் சொல்வது வேலையே இல்லை. இன்ஜின் சூடானதும் விரிகிற கூலன்ட் ரேடியேட்டர் மூடி வழியாக ரிசர்வ் டேங்க்குக்குப் போகும். ஆறியதும் திரும்ப உறிஞ்சப்படும். டேங்க்கில் நிற்பது அந்தச் சிறு பங்குதான். இன்ஜினைச் சுற்றிவரும் கூலன்ட் துருவேறிக் கிடந்தாலும் டேங்க் பளிச்சென்று தெரியலாம். நிறத்தையும் நம்பாதீர்கள், அது வெறும் சாயம். தீர்ந்துபோவது அலுமினியத்தை அரிக்க விடாமல் காக்கும் வேதிப்பொருள்கள். அவை தீர்ந்த பிறகும் சாயம் அப்படியே இருக்கும். பல பைக்குகளின் கையேடுகள் இரண்டு அல்லது மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். உங்கள் கையேட்டில் என்ன கணக்கு போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

இன்ஜின் முழுக்க ஆறிய பிறகே மூடியில் கை வையுங்கள். ரேடியேட்டரைத் தொட்டால் வெதுவெதுப்புகூட இருக்கக் கூடாது. சூட்டில் உள்ளே அழுத்தம் இருக்கும். திறந்த நொடியில் கொதிநீரும் ஆவியும் முகத்தில் பீய்ச்சியடிக்கும்.

கூலன்ட்டை வடிக்கும் டிரெய்ன் போல்ட் பெரும்பாலும் வாட்டர் பம்ப் மூடியின் அடிப்பகுதியில் இருக்கும். அதைக் கழற்றியதும் கூலன்ட் மெதுவாகத்தான் ஒழுகும், ரேடியேட்டர் மூடி இன்னும் மூடியிருப்பதால். மூடியைத் திறந்த கணமே ஒரு சாண் தூரத்துக்குச் சீறிக்கொண்டு வரும். ஆகவே அகலமான தட்டு வையுங்கள், வண்டிக்கு ஒட்டி வைக்காமல் கொஞ்சம் வெளியே தள்ளி வையுங்கள். ரிசர்வ் டேங்க்கையும் தனியாகக் காலி செய்து கழுவிவிடுங்கள்.

வடித்ததில் கொஞ்சத்தை நிறமில்லாத, உள்ளே தெரியும் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். தெளிவாக இருந்தால் ஃப்ளஷ் தேவையில்லை, நேராகப் புதியதை ஊற்றலாம். பழுப்பாகவோ துகள்களோடோ வந்தால் ஃப்ளஷ் செய்யுங்கள். எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ பால் போல் கலங்கியிருந்தாலோ வேலையை அங்கேயே நிறுத்துங்கள். அது ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடு) அல்லது பம்ப் சீல் சம்பந்தப்பட்ட கோளாறு, கூலன்ட் மாற்றினால் தீராது.

இனி உங்கள் நண்பரின் யோசனை. ஃப்ளஷ் செய்வதில் தவறில்லை. ஊற்றிய தண்ணீர் முழுவதும் வெளியே வராது என்பதுதான் சிக்கல். சூடானால் மட்டும் திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட் மூடியிருந்தால் தண்ணீர் இன்ஜினுக்குள் சரியாகச் சுற்றவே சுற்றாது. வண்டியை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து ரேடியேட்டர் ஹோஸ் சூடேறும் வரை காத்திருந்து, நிறுத்தி, மறுபடி முழுக்க ஆறவிட்டு வடிக்க வேண்டும். அப்படிச் செய்தும் மூலைமுடுக்குகளில் கொஞ்சம் தங்கிவிடும்.

ஒரு கணக்கு போடுவோம். மொத்தக் கொள்ளளவு 1.5 லிட்டர், உள்ளே தங்கிய தண்ணீர் 300 மில்லி என்று வையுங்கள். கூலன்ட்டின் மூலப்பொருளான கிளைக்காலையும் தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்து விற்கும் ரெடிமிக்ஸ் கூலன்ட்டில் 1.2 லிட்டர்தான் உள்ளே போகும். அதில் கிளைக்கால் 600 மில்லி. ஆக உங்கள் கலவை 50 சதவீதம் அல்ல, 40. உடனே ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் அரிப்பைத் தடுக்கும் பொருள்களும் அதே விகிதத்தில் குறைந்துபோகும். ஃப்ளஷ் செய்தவர்கள் தண்ணீர் கலக்காத கான்சென்ட்ரேட் வாங்குவதே நல்லது: 750 மில்லி கான்சென்ட்ரேட்டுடன் 450 மில்லி டிஸ்டில்டு வாட்டர் கலந்து ஊற்றினால், உள்ளே நிற்கும் தண்ணீரும் சேர்ந்து கணக்கு சரியாக 50க்கு வரும். உங்கள் வண்டியில் எவ்வளவு தங்கியது என்று தெரிய வேண்டுமா? வடிந்ததை அளந்து, கொள்ளளவிலிருந்து கழியுங்கள். கையேட்டில் போட்டிருக்கும் கொள்ளளவு ரிசர்வ் டேங்க்கையும் சேர்த்ததா என்று மட்டும் கவனியுங்கள்.

கடைசி அலசலுக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள கால்சியம் உப்பாகப் படியும், குளோரைடு அலுமினியத்தை அரிக்கும். ஃப்ளஷ் கெமிக்கல் எதையும் நான் பரிந்துரைப்பதில்லை; கடும் அமிலம் கலந்தவை மெல்லிய அலுமினிய ரேடியேட்டரைப் பதம் பார்த்துவிடும்.

அலுமினிய இன்ஜினுக்கு ஏற்றது, சிலிக்கேட் இல்லாதது என்று லேபிளில் இருக்கும் கூலன்ட்டை, கையேடு சொல்லும் வகையில் வாங்குங்கள். டிரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். அது சின்ன போல்ட், பலங்கொண்ட மட்டும் முறுக்கினால் அலுமினிய மரை கிழியும்.

காற்றை வெளியேற்றுவதில்தான் பொறுமை வேண்டும். மெதுவாக ஊற்றுங்கள். வண்டியை இடம் வலமாகச் சாய்த்து ஆட்டுங்கள், ஹோஸைக் கையால் பிசைந்துவிடுங்கள். சில பைக்குகளில் காற்றை விடுவதற்கென்றே தனி போல்ட் இருக்கும். பிறகு மூடியைத் திறந்து வைத்தபடியே சில நிமிடம் ஐடிலில் ஓடவிட்டால் குமிழ்கள் வரும், மட்டம் சட்டென்று இறங்கும். இறங்க இறங்க ஊற்றுங்கள். குமிழ் நின்றதும் மூடிவிட்டு, ரிசர்வ் டேங்க்கை இரண்டு கோடுகளுக்கு நடுவே நிரப்புங்கள். ஒருமுறை ஓட்டி, ஆறிய பின் டேங்க்கில் மட்டம் சற்றுக் குறைந்திருக்கும். அது மிச்சக் காற்று போன இடம், நிரப்பிவிட்டால் சரி.

சிந்தியதை உடனே கழுவுங்கள், முக்கியமாக டயரில் பட்டதை, நன்றாக வழுக்கும். எத்திலீன் கிளைக்கால் இனிப்பான விஷம், நாய் பூனைகள் நக்கிவிடும். பழையதை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டாமல் மூடிய கேனில் வைத்து, பழைய ஆயிலையும் கூலன்ட்டையும் வாங்கிக்கொள்ளும் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள்.

வாட்டர் பம்புக்கு அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அடுத்த சில நாள்களில் அதில் கூலன்ட் சொட்டினால் பம்பின் சீல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். துளையை எம்-சீல் வைத்து அடைக்காமல், சீலை மாற்றுங்கள்.