குடும்ப ஆலோசகரை உருவாக்குவது எப்படி? – வாசகர் கேள்விகள்

கேள்வி (குடியாத்தம் வாசகி): என் மகள் சமூகப்பணியில் முதுநிலைப் பட்டம் பெற்றவள், குடும்ப ஆலோசகராக விரும்புகிறாள். ஓரிடத்தில் ஆறு மாத ஞாயிறு வகுப்பில் சான்றிதழ் தருகிறார்கள். இன்னோரிடத்தில் இரண்டு ஆண்டுகள், அதுவும் ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குடும்பங்களோடு பேச வேண்டுமாம். எது நல்ல பயிற்சி என்று யாரேனும் ஆராய்ந்திருக்கிறார்களா?

பதில்: ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் பயிற்சி நிலையங்கள் பெருகிய வேகத்தில் ஆய்வு பெருகவில்லை. 1979-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்களான நிஸ்கெர்ன், கர்மன் இருவரும் அதுவரை வெளிவந்தவற்றைத் திரட்டிப் பார்த்துவிட்டு, இத்தகைய பயிற்சி ஒருவரது சிகிச்சைத் திறனைக் கூட்டுகிறது என்பதற்கு ஆய்வுச் சான்று இல்லை என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். துறைக்குள் இருந்துகொண்டே அப்படி எழுதியதற்காக அவர்கள்மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு. 1990-இல் ஏவிஸ், ஸ்ப்ரெங்கிள் இருவரும் மீண்டும் கணக்கெடுத்தபோது நிலைமை சற்று மாறியிருந்தது. பயிற்சிக்குப் பின் மாணவரின் அறிவும், குடும்பத்தைப் புரிந்துகொள்ளும் விதமும், கையாளும் திறனும் கூடுவது தெரிந்தது. ஆனால், அதனால் சிகிச்சைக்கு வந்த குடும்பம் கூடுதலாக நலம் பெற்றதா என்ற கேள்விக்கு அப்போதும் வலுவான விடை இல்லை.

இதற்குக் காரணம், எதை அளக்கிறோம் என்பதில் இருக்கிறது. ஒரு குடும்பம் சிகிச்சையாளரோடு பேசும் ஒளிப்பதிவை மாணவருக்குப் போட்டுக் காட்டி, என்ன நடந்தது, அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று பயிற்சிக்கு முன்னும் பின்னும் வினவுவது ஒரு முறை. அதில் முழு மதிப்பெண் வாங்கும் மாணவர், கோபத்தில் எழுந்து வாசலை நோக்கி நடக்கும் கணவரின் முன்னால் வாயடைத்துப் போகலாம். 1976-இல் அலெக்சாண்டர் குழுவினர் சட்டச் சிக்கலில் மாட்டிய இளைஞர்களின் குடும்பங்களை ஆராய்ந்தபோது, சிகிச்சையின் விளைவில் காணப்பட்ட வேறுபாட்டில் ஏறத்தாழ 45 சதவீதம் சிகிச்சையாளரின் கனிவு, நகைச்சுவை போன்ற உறவுத் திறன்களோடு தொடர்புடையதாக இருந்தது. கரும்பலகையில் எழுதிப் போட்டால் வந்துவிடக்கூடியவை அல்ல இவை.

அதனால்தான் பிறர் பார்க்க நடத்தும் முறை வந்தது. பிலடெல்பியாவில் குடும்ப சிகிச்சை முன்னோடிகளான மினுச்சினும் ஹேலியும் ஒருவழிக் கண்ணாடிக்குப் (ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்க்க முடிவது) பின்னால் அமர்ந்து, தேவைப்பட்டபோது அறைக்குள் தொலைபேசியில் அழைத்து மாணவரைத் திருத்தினார்கள். நான் பயின்ற நாட்களில், பத்தாம் வகுப்பில் தவறிய ஒரு பையனின் தாயிடம் நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அருகிலிருந்த மாமியாரே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் மும்முரமாகக் குறித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி மணி அடித்தது. “அந்த அம்மாவின் நாற்காலியை மகன் பக்கம் நகர்த்திப் போடச் சொல், பிறகு அதே கேள்வியைக் கேள்” என்றார் ஆசிரியர். நாற்காலி நகர்ந்த பிறகும் அந்தத் தாய் உடனே பேசவில்லை. முந்தானையைத் திருகிக்கொண்டு சிறிது நேரம் இருந்துவிட்டு, “அவன் என்கிட்டே சொல்லித்தான் பரீட்சைக்குப் போகல” என்றார். அரை மணி நேரமாக எனக்குக் கிடைக்காத செய்தி அது.

ஆகவே இரண்டு இடங்களிலும் உங்கள் மகள் கேட்க வேண்டியவை இரண்டு: நானே நேரில் எத்தனை குடும்பங்களோடு அமர்வேன்? அப்போது என்னைப் பார்த்துக்கொண்டிருப்பவர் யார்? ஞாயிறு வகுப்பில் இதற்கு மழுப்பலான விடை வந்தால், அந்தக் கட்டணத்தை மிச்சப்படுத்தலாம்.

கேள்வி (ஆம்பூர் வாசகர்): இருபத்து நான்கு வயதுப் பெண், திருமணமும் ஆகாதவர், எங்களுக்கு என்ன அறிவுரை சொல்ல முடியும்?

பதில்: அறிவுரை சொல்வது அவர் வேலையன்று, அதற்கு நம் ஊரில் ஆள் பஞ்சமும் இல்லை. அவர் கண்டுகொள்ள வேண்டியது, உங்கள் வீட்டில் தன் வீட்டுச் சண்டையைத் தான் காண்கிறோமா என்பதைத்தான். குடும்ப சிகிச்சையின் இன்னொரு முன்னோடியான அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவன், தம் மாணவர்களை முதலில் தங்கள் பிறந்த குடும்பத்து உறவுகளையே ஆராய்ந்து சீர்செய்யச் சொன்னார். 1967-இல் ஒரு கருத்தரங்கில் தம் சொந்தக் குடும்பத்தைப் பற்றியே பேசினார். 1972-இல் அது அச்சேறியபோது ஆசிரியர் பெயர் இல்லாமல்தான் வந்தது. தாம்பத்தியம் அறிந்த ஐம்பது வயதுக்காரரும் இதில் தவறுவது உண்டு.

கேள்வி (காட்பாடி வாசகர்): எல்லாம் அமெரிக்க முறையாக இருக்கிறதே, நமக்குப் பொருந்துமா?

பதில்: குடும்பத்தை உடன் வைத்துக்கொண்டு மனநோய்க்குச் சிகிச்சை தருவதை நாம் அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்யவில்லை. 1950-களில் அமிர்தசரசில் மருத்துவர் வித்யா சாகர் உறவினர்களை மருத்துவமனை வளாகத்தில் கூடாரமடித்துத் தங்க வைத்தார். 1957-இல் தொடங்கிய நம் வேலூர் பாகாயம் மனநல மையத்திலும் நோயாளியோடு வீட்டார் தங்கும் வழக்கம் வேரூன்றியது. இங்கே குடும்பம் தானாகவே வந்து நிற்கிறது. அதனோடு எப்படிப் பேசுவது என்பதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

பொருந்தாத இடங்களும் உண்டு. மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம் போடச் சொன்னால், நம் மாணவர்கள் பெரும்பாலும் ரேஷன் கார்டில் உள்ள பெயர்களோடு நிறுத்திவிடுகிறார்கள். கம்மவான்பேட்டை போன்ற, வீட்டுக்கு வீடு ராணுவத்துக்குப் போன ஊர்களில், விடுப்பில் வரும் தந்தை சில வாரங்கள்தான் வீட்டில் இருப்பார். பள்ளிக் கட்டணம் முதல் பெண் பார்ப்பது வரை முடிவெடுப்பவர் இரண்டு தெரு தள்ளி இருக்கும் தாய்மாமனாக இருக்கலாம். அவர் அந்தத் தாளில் எங்குமே இருக்க மாட்டார். என் மாணவர்களிடம் நான் முதலில் கேட்கச் சொல்லும் கேள்வி, “வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?” என்பதன்று, “பையனுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் யாருக்குப் போன் போடுவீர்கள்?” என்பதுதான்.