ஏட்டைத் திறக்காமல் சொல்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். தேவகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். போன மாதம் காரைக்குடியில் ஓர் அமைப்பு எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தது. மூளை அறிவியலை வகுப்பறைக்குக் கொண்டுவருவதாகச் சொன்னார்கள். இடது மூளைப் பிள்ளைகள் கணக்கில் கெட்டியாம், வலது மூளைப் பிள்ளைகளுக்குப் பாட்டும் ஓவியமும் வருமாம். அப்புறம் பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று மூன்று வகை. எந்தப் பிள்ளை எந்த வகை என்று பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும். என் வகுப்பில் 43 பேர், பீரியட் 40 நிமிடம். ஒரே பாடத்தை மூன்று விதமாக எப்படி நடத்துவது?

இன்னொரு குறையும் உண்டு. நடத்தும்போது எல்லாரும் தலையாட்டுகிறார்கள். பத்து நாள் கழித்துக் கேட்டால் அந்தப் பாடத்தைக் காதில் வாங்காதவர்கள் மாதிரி விழிக்கிறார்கள். தப்பு என்னிடமா? மூளை அறிவியலில் எங்களுக்கு உண்மையிலேயே உதவுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா? என் பெயரைப் போட வேண்டாம்.

ஓர் ஆசிரியை

*

அன்புள்ள டீச்சருக்கு,

பட்டியல் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். பிள்ளைகளிடமே கேட்டு, அவர்கள் சொல்வதை எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதை வைத்துப் பாடத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டாம். படம் பார்க்கப் பிடிக்கும், கதை கேட்கப் பிடிக்கும் என்று பிள்ளைகளுக்கு விருப்பங்கள் இருப்பது நிஜம். ஆனால் அவரவர் வகைக்கு ஏற்ப நடத்தினால் அவரவர் கூடுதலாகக் கற்பார்கள் என்பதுதான் இந்தக் கொள்கையின் உயிர். 2008-ல் ஹரால்ட் பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிவிட்டு, அதற்குத் தகுந்த சான்று இல்லை என்று எழுதினார்கள். இலையின் உள்ளமைப்பைக் காட்டப் படம் வேண்டும், ர-ற வித்தியாசத்துக்குக் காது வேண்டும். எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதைப் பாடம்தான் முடிவு செய்கிறது.

இடது, வலது கதைக்கு ஒரு நல்ல மூலம் இருக்கிறது. கடுமையான வலிப்பு நோய்க்காக இரண்டு பக்க மூளையையும் இணைக்கும் நரம்புப் பாலத்தை அறுத்துவிட்ட நோயாளிகளை ரோஜர் ஸ்பெர்ரி ஆராய்ந்தார். 1981-ல் நோபல் பரிசும் வாங்கினார். பெரும்பாலோருக்கு மொழி வேலையில் அதிகமும் இடப்பக்கம் நடக்கிறது என்பதும் சரிதான். ஆனால் உங்கள் வகுப்பில் இருக்கிற 43 பேருக்கும் அந்தப் பாலம் அப்படியே இருக்கிறது. கணக்குப் போடுகிற பையனுக்கும் கோலம் போடுகிற பெண்ணுக்கும் இரண்டு பக்கமும் சேர்ந்துதான் ஓடுகிறது. நோயாளியிடம் கண்டதைப் பயிற்சிக்காரர்கள் ஊருக்கே ஜாதகமாக எழுதிவிட்டார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். அந்தத் தலையாட்டல் இருக்கிறதே, அதில் நானும் ஏமாந்தவன். எழுதிப் பிழைக்க வருவதற்கு முன்னால் காரைக்குடியில் ஒரு டுடோரியலில் ஆறு வருஷம் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தேன். கலர் சாக்பீஸில் நான் மின்சுற்று வரைந்தால் அடுத்த வகுப்பு வாத்தியார் எட்டிப் பார்ப்பார். ஓம் விதியைத் தண்ணீர்க் குழாயை வைத்து அவ்வளவு அழகாக விளக்குவேன். "புரிஞ்சுதா?" என்பேன். "புரிஞ்சுது சார்" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. என் விளக்கம் அந்த நேரத்துக்குப் புரிந்தது. தேர்வில் மின்தடையும் மின்னோட்டமும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். எனக்கு வந்த கோபத்தில் மறுபடியும் விளக்குவேன், முன்னைவிட அழகாக. அந்த ஆறு வருஷத்தில் பாடம் நன்றாகப் பதிந்தது எனக்கு மட்டும்தான். ஏனென்றால் நான்தான் தினமும் அதைத் தலையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

எடுப்பது. விஷயம் அதில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் 2006-ல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. கல்லூரி மாணவர்களிடம் ஒரு சிறு கட்டுரையைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதைத் திரும்பத் திரும்பப் படித்தது, சராசரியாக ஆளுக்கு 14 தடவைக்கு மேல். இன்னொரு குழு மூன்று நான்கு தடவை மட்டும் படித்துவிட்டு, தாளை மூடி வைத்து நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தது, மூன்று முறை. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் படித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள் 40-க்கு இறங்கிவிட்டார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 61-ல் நின்றார்கள்.

இதில் என்னை உலுக்கியது இன்னொரு விஷயம். தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் திரும்பத் திரும்பப் படித்த குழுவினர்தான். உங்கள் வகுப்பின் தலையாட்டலும் என் வகுப்பின் "புரிஞ்சுது சார்" என்பதும் இந்த நம்பிக்கைதான்.

எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) பதிமூன்று வயதில் பர்மாவுக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடையில் வேலை பழகும் எடுபிடியாகப் போனவர். அங்கே கடை சாத்தியதும் மேலாள் அவரைக் கூப்பிட்டு உட்காரவைப்பாராம். அன்றைக்கு யாருக்கு எவ்வளவு பற்று, யாரிடம் எவ்வளவு வரவு, ஏட்டைத் திறக்காமல் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் ஏட்டைப் பிரித்துச் சரிபார்ப்பார். சில நாள் போன வாரத்துக் கணக்கையும் நடுவில் நுழைப்பாராம். எண்பது வயதில் எங்கள் வீட்டு முகப்பில் உட்கார்ந்துகொண்டு என் மகளிடம் "மாகாணியும் மாகாணியும்?" என்று கேட்டுவிட்டு, அவள் விழிப்பதைப் பார்த்து "அரைக்கால்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார் (மாகாணி பதினாறில் ஒரு பங்கு, அரைக்கால் எட்டில் ஒரு பங்கு). சமைக்கிற ஆச்சிக்குக்கூட அது பாடமாகிவிட்டது. அந்த மேலாளுக்கு நரம்பணு என்ற சொல்லே தெரிந்திருக்காது. ஆனால் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்பது, உடனே திருத்துவது, இடைவெளி விட்டு மறுபடி கேட்பது மூன்றையும் செய்திருக்கிறார். (பிரம்பும் வைத்திருந்தாராம். அதைப் பின்பற்ற வேண்டாம். பயந்த பிள்ளைக்குத் தெரிந்ததும் வாயில் வராது.)

இடைவெளிக்கு வருகிறேன். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, மறந்ததை அளந்து 1885-ல் புத்தகமாகப் போட்டார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, அப்புறம் மெதுவாகத்தான் கரைகிறது. விட்டுவிட்டுப் படித்தால் ஒரே மூச்சில் படிப்பதைவிட நிற்கிறது என்பதும் அவர் கண்டதுதான். நூறு வருஷத்துக்குப் பிறகு மூளைக்காரர்கள் அதன் காரணத்தைத் தொட்டார்கள். எரிக் காண்டெல் ஒரு கடல் நத்தையை வைத்துப் பல வருஷம் வேலை செய்தார், 2000-ல் நோபல் பரிசு பெற்றார். கொஞ்ச நேர நினைவுக்கு, ஏற்கெனவே இருக்கிற நரம்பு இணைப்புகள் வலுத்தால் போதும். நாள்பட்ட நினைவுக்கு நரம்பணுவில் மரபணுக்கள் வேலை செய்து, புதுப் புரதம் உண்டாகி, புது இணைப்பு வளர வேண்டும். அதற்கு இடைவெளி விட்ட பயிற்சி தேவைப்படுகிறது. நத்தைக்கே அப்படி. தேர்வுக்கு முந்தின இரவில் எட்டு பாடத்தையும் உட்கார்ந்து விழுங்குகிற பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வகுப்பறைக்கு உதவுகிற கண்டுபிடிப்புகளில் பெரும்பாலானவை மூளைப் படத்திலிருந்து வந்தவை அல்ல. தாளையும் பேனாவையும் வைத்துச் செய்த உளவியல் சோதனைகளிலிருந்து வந்தவை. ஜான் புரூயர் என்ற அமெரிக்க அறிஞர் 1997-லேயே, மூளையிலிருந்து நேராக வகுப்பறைக்குப் பாலம் கட்டினால் நிற்காது, நடுவில் உளவியல் என்ற தூண் வேண்டும் என்ற பொருளில் எழுதினார். வண்ண வண்ண மூளைப் படத்தைக் காட்டி யாராவது பயிற்சி நடத்தினால் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

நீங்கள் செய்யக்கூடியது இது. பீரியடின் முதல் ஐந்து நிமிடம் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். ரஃப் நோட்டில் மூன்று கேள்விக்குப் பதில்: ஒன்று நேற்றைய பாடம், ஒன்று போன வாரம், ஒன்று போன மாதம். மார்க் கிடையாது, நோட்டை வாங்கவும் வேண்டாம். விடையைப் பலகையில் எழுதுங்கள், அவர்களே திருத்திக்கொள்ளட்டும். ஒருவரை எழுப்பிக் கேட்டால் ஒருவர் மூளைதான் வேலை செய்யும், மற்ற 42 பேரும் தப்பித்தோம் என்று உட்கார்ந்திருப்பார்கள். அதனால் எல்லாரும் எழுத வேண்டும். முதல் இரண்டு வாரம் பிள்ளைகளுக்குப் பிடிக்காது. உங்களுக்கும் ஐந்து நிமிடம் வீணாகிறதே என்று இருக்கும். போர்ஷன் முடியவில்லை என்று தலைமையாசிரியர் கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, நீங்கள்தான் சமாளிக்க வேண்டும்.

இன்னொன்று சின்ன விஷயம். பலகையில் இருப்பதை அவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது நீங்கள் விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். மனசு ஒரு நேரத்தில் மூன்று நான்கு விஷயங்களைத்தான் பிடித்து வைத்திருக்கும். எழுதுவதற்கே அது சரியாகப் போய்விடும். வாய்ப்பாடு மனப்பாடமாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதும் இதனால்தான். ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது தானாக வந்துவிட்டால் கணக்கை யோசிக்க இடம் மிஞ்சும். மனப்பாடம் என்றாலே மட்டம் என்று பேசுவது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. அர்த்தம் தெரியாமல் ஒப்பிப்பதுதான் மட்டம்.

காலையில் ஏழு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ், இரவு பதினொரு மணி வரை வீட்டுப்பாடம் என்று தூக்கத்தில் கைவைப்பதைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன். படித்தது நிலைப்பதற்குத் தூக்கம் வேண்டும் என்பதை மட்டும் பெற்றோர் கூட்டத்தில் சொல்லிவையுங்கள்.

இப்போதைக்கு எட்டாம் வகுப்பில் மட்டும் ஆரம்பியுங்கள். ஏழாம் வகுப்பு பழையபடியே இருக்கட்டும். தைப் பொங்கலை அடுத்து நம் பக்கம் வருகிற செவ்வாய்ப் பொங்கலும் முடிந்து பள்ளி சகஜமான பிறகு, இரண்டு வகுப்பிலும் மார்கழியில் நடத்திய பாடத்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் ஐந்து கேள்வி கேட்டுப் பாருங்கள். இரண்டு வகுப்பும் இரண்டு பாடம், இதெல்லாம் ஆராய்ச்சி ஆகாது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் எத்தனை பேர் எழுதினார்கள் என்று எனக்கு ஒரு வரி போடுங்கள்.