மரத்தடியில் கிடைத்த டப்பா செய்வினையா?

கேள்வி: பிள்ளைகளோடு காட்டுப் பாதையில் நடக்கப் போனோம். ஒரு பழைய கரும்பாலை இடிபாட்டுக்குப் பக்கத்தில், மரத்தின் வேர் இடுக்கில் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா இருந்தது. திறந்தால் குட்டிப் பொம்மை ஒன்று, இரண்டு மூன்று நாட்டுக் காசு, ஒரு சின்ன நோட்டு, அதில் வரிசையாக ஆள் பேரும் தேதியும். வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மாமியார் பார்த்துவிட்டு, இது செய்வினை, கடலில் போட்டுவிட்டுத் தலைமுழுகு என்கிறார். டப்பா இப்போது கார் டிக்கியில் இருக்கிறது. என்ன செய்வது? (வாசகி, குட்லண்ட்ஸ்)

பதில்: கடலில் போட்டுவிடாதீர்கள் அம்மா! மாமியாரையும் குறை சொல்ல மாட்டேன். பேர் எழுதின சீட்டு, காசு, பொம்மை, ஆள் நடமாட்டம் இல்லாத இடிபாடு, இந்த நாலும் சேர்ந்தால் இந்த மொரீஷியஸ் தீவில் யாருக்கும் முதலில் அந்த நினைப்புத்தான் வரும்.

இது ஜியோகேச்சிங் என்கிற விளையாட்டு. பெரியவர்கள் ஆடும் கண்ணாமூச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒளிவது மட்டும் ஆள் இல்லை, டப்பா. ஒருவர் டப்பாவை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார், மற்றவர்கள் ஜிபிஎஸ் வைத்துத் தேடி வருவார்கள், கண்டுபிடித்தவர் நோட்டில் பேரும் தேதியும் எழுதிவிட்டு எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டுப் போவார். நீங்கள் பார்த்த பேர்ப் பட்டியல் அதுதான். டப்பாவுக்குக் கேச் என்று பேர், ஒளித்துவைத்தது என்று அர்த்தம், பிரெஞ்சு காதில் விழுந்து வளர்ந்த நமக்கு அந்தச் சொல் ஒன்றும் புதிதில்லை.

2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க அரசாங்கம் பொதுமக்களுக்கு வரும் ஜிபிஎஸ் சிக்னலை வேண்டுமென்றே கெடுத்துத்தான் அனுப்பியது, நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். மே 2-ஆம் தேதி அதை நிறுத்தினார்கள். மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் காட்டோரம் ஒரு வாளியை வைத்து எண்களை இணையத்தில் எழுதினார், விளையாட்டு அங்கே ஆரம்பித்தது. அந்த வாளிக்குள் பீன்ஸ் டின் ஒன்றும் இருந்ததாம். இப்போது சாப்பாட்டுச் சாமானே வைக்கக் கூடாது. நம் காட்டில் வைத்தால் குரங்கு விடுமா?

அதனால் முடிந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்த வேர் இடுக்கில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். மாமியாரையும் கூட்டிப்போய் நோட்டில் ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பொம்மை பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தால் எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்கு அதே மதிப்புள்ள ஒன்றை வைக்க வேண்டும். பொம்மையில் எண் பொறித்த தகடு கட்டியிருந்தால் மட்டும் வேறு கதை. அது ஒரு கேச்சிலிருந்து இன்னொன்றுக்கு ஊர் ஊராகப் பயணம் போகிற சாமான், எடுத்தால் அடுத்த கேச்சில் கொண்டுபோய் வைக்க வேண்டும், வீட்டு அலமாரியில் நிறுத்தக் கூடாது.

கேள்வி: கேச் எண்களைப் போனில் போட்டால் முதல் தடவை ஓமான் நாட்டைக் காட்டியது, இரண்டாம் தடவை நடுக்கடலைக் காட்டியது. போனை மாற்ற வேண்டுமா? (வாசகர், ரோஸ் ஹில்)

பதில்: போன் மேல் தப்பில்லை. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குத் தெற்கே. தெற்கு என்று காட்டாமல், அதாவது கழித்தல் குறி போடாமல் 20 என்று அடித்தால், போன் வடக்கே 20 பாகையில், அதாவது 20 டிகிரியில், தேடும். நம் தீர்க்கரேகையில் அங்கே இருப்பது ஓமான்தான்.

கடல் எப்படி வந்தது? கேச் எண்கள் பெரும்பாலும் பாகை, அப்புறம் கலை (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு), கலைக்குப் பின்னால் மூன்று தசமம் என்று இருக்கும். 20 பாகை 08.400 கலை என்பதை நீங்கள் 20.08400 என்று அடித்திருப்பீர்கள். சரியான எண் 20.14, ஏனென்றால் கலையை 60-ஆல் வகுக்க வேண்டும். இந்த ஒரு தப்பே ஆறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிவிடும், தீர்க்கரேகையிலும் அதே தப்பைச் செய்தால் சின்னத் தீவுக்காரர்களுக்குக் கடல்தான் மிச்சம்.

கேள்வி: பிரா தோ தேசியப் பூங்காவில் பழைய ஆலைச் சுவர் பார்த்தேன். ஒரு கல்லை உருவி, உள்ளே டப்பா வைத்து, அதே கல்லால் மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது, கண்டுபிடிப்பதும் கஷ்டம், விளையாட்டு நன்றாக இருக்கும். வைக்கலாமா? (கல்லூரி மாணவர், பாம்ப்லமூஸ்)

பதில்: வேண்டாம் தம்பி. நீங்கள் ஒரு கல்லைத்தான் உருவுவீர்கள், சரி. தேடி வருகிறவருக்கு அது எந்தக் கல் என்று தெரியாதே! மரத்தடியில், அதுவும் கல்சுவர் பக்கத்தில், சிக்னல் இலையிலும் கல்லிலும் பட்டுத் திரும்பி வருவதால் போன் பத்து மீட்டர் தப்புக் காட்டுவது சர்வசாதாரணம். பத்து மீட்டர் வட்டம் என்றால் முந்நூறு சதுர மீட்டருக்கு மேல். அதற்குள் இருக்கிற ஒவ்வொரு கல்லையும், வருகிற ஒவ்வொருவரும் ஆட்டிப் பார்ப்பார்கள். நீங்கள் டப்பாவை எவ்வளவு சாமர்த்தியமாக ஒளிக்கிறீர்களோ அவ்வளவுக்குச் சுவர் அடிவாங்கும்.

அந்தச் சுவர்கள் சிமெண்டால் கட்டினவை இல்லை. கடலில் எடுத்த பவளக்கல்லைச் சூளையில் சுட்டு எடுத்த சுண்ணாம்புதான் அந்தக் காலத்துச் சாந்து, கரும்புச்சாறு தெளியவும் அதே சுண்ணாம்பு. பிரா தோ பாதையில் சூளையையும் பார்த்திருப்பீர்கள். மழையில் சாந்து கரைந்துபோன இடங்களில் பெரிய கருங்கல்லைப் பிடித்து நிறுத்துவது இடையில் சொருகியிருக்கும் சில்லுக்கற்கள்தான். கைக்கு முதலில் வருவதும் அவைதான். அதை எடுத்தால் சுவர் அன்றைக்கு விழாது, அடுத்த புயலில் விழும், பழி புயல் மேல் போகும்.

நானும் யோக்கியன் இல்லை. பத்து வருஷம் முன்னால் ஒரு பழைய சுவரில் இப்படித்தான் ஒரு கல்லை உருவினேன். டப்பா அங்கே இல்லை, நாலு எட்டு தள்ளி ஆல விழுதுக்குப் பின்னால் இருந்தது. உருவின கல்லைத் திரும்ப வைக்க அரைமணி நேரம் பாடுபட்டேன், உட்காரவே இல்லை. வெட்டினவன் கை அளவு வேறு, என் கை அளவு வேறு. 1730-களில் பிரெஞ்சு ஆளுநர் லாபூர்தொனே காலத்தில் புதுச்சேரியிலிருந்து வந்த நம் கல்தச்சர்கள் போர்ட் லூயிஸில் வேலை செய்தது தெரிந்த கதை. தோட்டத்து ஆலைகள் அதற்குப் பிந்தியவை, அடிமைகளும் பிறகு ஒப்பந்தக் கூலிகளும் சுமந்த கல் அது.

விளையாட்டின் விதியும் இதையே சொல்கிறது. எதையும் சேதப்படுத்தக் கூடாது, மண்ணில் புதைக்கக் கூடாது, இடத்துக்குச் சொந்தக்காரரின் அனுமதி வேண்டும், இன்னொரு கேச்சிலிருந்து 161 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். பிரா தோ 2011 முதல் தேசியப் பூங்கா, அதனால் பூங்கா நிர்வாகத்திடம் கேட்காமல் எதையும் வைக்காதீர்கள். தேசிய மரபுச் சின்னமாக அறிவித்த கட்டடம் என்றால் 2003-ஆம் ஆண்டுச் சட்டமும் குறுக்கே வரும். புதைக்காதே என்கிற விதி நமக்கு ரொம்ப முக்கியம். 1730-இல் ரியூனியன் தீவில் தூக்கில் போட்ட லா பூஸ் என்கிற கடற்கொள்ளைக்காரனின் புதையலைத் தேடி இந்தப் பக்கத்துத் தீவுகளில் இன்னும் மண்ணைத் தோண்டுகிறவர்கள் உண்டு, மண்வெட்டியோடு உங்களைப் பார்த்தால் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுவார்கள்.

இடிபாடும் வேண்டும், விளையாட்டும் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. பல கட்டமாகத் தேடும் கேச் என்று ஒரு வகை உண்டு. முதல் எண்ணில் டப்பா எதுவும் இருக்காது, ஆலைச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தும். சுவரில் எத்தனை வாசல், சூளை வாய்க்கு மேல் எத்தனை கல் என்று எண்ணச் சொல்லுங்கள். அந்த எண்களைப் போட்டால்தான் அடுத்த இடம் தெரியும்படி வையுங்கள். டப்பா நூறு மீட்டர் தள்ளி, பாதையோரத்துக் கட்டையடியில் இருக்கட்டும். வருகிறவர் சுவரைத் தொடாமல், ஆனால் நன்றாகப் பார்த்துவிட்டுப் போவார். சும்மா நடந்துபோகிறவர் அந்தச் சூளையை இரண்டு நிமிஷம்கூடப் பார்ப்பதில்லை.

கேள்வி: கேச் தேட எந்த மாதம் நல்லது? (வாசகி, கியூர்ப்பீப்)

பதில்: குளிர்மாதங்கள்தான் சுகம். ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை மான் வேட்டைக் காலம், வேட்டை நிலத்துப் பக்கம் எட்டிப் பார்க்காதீர்கள், எண் அங்கே காட்டினாலும் சரி. கோடையில் போனால் புயல் எச்சரிக்கை பார்த்துவிட்டுப் போங்கள். நம் காட்டில் விஷப்பாம்பு கிடையாது, மஞ்சள் குளவி உண்டு, இடுக்கில் கை விடும் முன் ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள். பேனா கொண்டுபோங்கள், டப்பாவில் இருக்கிற பேனா எழுதாது.