மைனர் த்ரெட்ங்கிற அமெரிக்க பங்க் ராக் பேண்ட் மூணே வருஷம்தான் இருந்துச்சு, அப்புறம் ஏன் இன்னும் பேசுறாங்க?

நல்ல கேள்வி. 1980-ல வாஷிங்டன் டிசில ஆரம்பிச்சு 1983-ல பிரிஞ்சுட்டாங்க, முழு ஆல்பம்னு பார்த்தா ஒண்ணே ஒண்ணுதான். ஆனா பாடகர் இயன் மெக்காயும் டிரம்மர் ஜெஃப் நெல்சனும் யார்கிட்டயும் போய் நிக்காம டிஸ்கார்ட்னு ரெக்கார்டு வெளியிடுற சொந்த லேபிள் நடத்துனாங்க, ரெக்கார்டு கவரைக்கூட கத்திரிக்கோலால வெட்டி, மடிச்சு, பசை தடவி அவங்களே ஒட்டுனாங்க, எனக்கு இவங்ககிட்ட ரொம்பப் பிடிச்சதே இதுதான்.

அப்புறம் 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' பாட்டு. 46 செகண்டுதான் ஓடும். குடி வேணாம், போதை வேணாம், எனக்குச் செய்ய வேற வேலை இருக்குன்னு சொன்ன அந்தப் பாட்டோட பேர்லயே ஒரு இயக்கம் உருவாச்சு. கிளப்ல வயசு கம்மியான பசங்களுக்குச் சரக்கு குடுக்கக்கூடாதுன்னு கை மேல மார்க்கர்ல பெருக்கல் குறி போடுவாங்கல்ல, அதையே இந்த இயக்கத்துப் பசங்க பெருமையா தாங்களே போட்டுக்க ஆரம்பிச்சாங்க, இன்னைக்கும் போட்டுக்கிறாங்க.