பயமுறுத்தும் வேலைகளும் மனப் பயிற்சியும்: கேள்வி பதில்

கேள்வி: பத்து பேர் முன்னால் பேச எழுந்தாலே நெஞ்சு படபடக்கிறது. 'அமைதியாக இரு' என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன், அடங்குவதே இல்லை. ஏன்?

பதில்: அடங்காது. இதயம் அப்படி அடித்துக்கொண்டிருக்கும்போது உடலைச் சட்டென்று அமைதிக்குக் கொண்டுவருவது யாருக்குமே கஷ்டம். ஆனால் பயத்திலும் உற்சாகத்திலும் உடல் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும்: வேகமான துடிப்பு, வியர்த்த உள்ளங்கை. அதனால் பயத்திலிருந்து உற்சாகத்துக்குப் போவது சுலபம். ஹார்வர்டு ஆய்வாளர் ஆலிசன் வுட் புரூக்ஸ் இதைச் சோதித்து 2014-இல் வெளியிட்டார். பேசப் போகுமுன் 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று வாய்விட்டுச் சொன்னவர்கள், 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்று சொன்னவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். அடுத்த முறை நாற்காலியை விட்டு எழுமுன் அந்த ஒரு வரியைச் சொல்லிப் பாருங்கள். மனதுக்குள் இல்லை, காதில் விழும்படி.

கேள்வி: இது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது ஆகாதா?

பதில்: ஆகாது. படபடப்பே இல்லை என்று சொன்னால்தான் ஏமாற்று. உளவியலாளர் ஜெரமி ஜேமிசன் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஜிஆர்ஈ (அமெரிக்காவில் மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு) எழுதவிருந்த மாணவர்களில் ஒரு பகுதியினரிடம் 'படபடப்பு வந்தால் கவலைப்படாதீர்கள், அது உங்களுக்கு உதவக்கூடும்' என்று மட்டும் சொன்னார்கள். கணக்குப் பகுதியில் அவர்களுக்கே கூடுதல் மதிப்பெண்.

கேள்வி: முடிக்க வேண்டிய அறிக்கையைத் திறக்கவே மனம் வரவில்லை. நான் சோம்பேறியா?

பதில்: அந்தப் பட்டத்தை முதலில் கழற்றிப் போடுங்கள். நீங்கள் ஒதுங்குவது வேலையிலிருந்து இல்லை, அதை நினைத்ததும் உள்ளே எழும் கசப்பிலிருந்து. அது என்ன என்று ஒரு வரி எழுதுங்கள். 'டென்ஷன்' என்று பொதுவாக எழுதினால் போதாது. 'திறந்தால் எவ்வளவு பாக்கி என்று தெரிந்துவிடும், அது பயமாக இருக்கிறது' என்கிற அளவுக்குத் துல்லியம் வேண்டும். அப்புறம் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்த 'இது நடந்தால் இதைச் செய்வேன்' முறை: 'காலையில் கணினி முன் உட்கார்ந்ததும், மின்னஞ்சல் பார்க்குமுன், அறிக்கையைத் திறந்து முதல் பத்தியை மட்டும் படிப்பேன்.' நேரமும் இடமும் முன்பே முடிவாகிவிட்டால், அந்த நொடியில் மனதோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

கேள்வி: தேர்வு அறைக்குப் போகுமுன் ஏதாவது செய்யலாமா?

பதில்: 10 நிமிடம், மனதில் ஓடும் பயங்களை அப்படியே தாளில் கொட்டுங்கள். ராமிரெஸ், பைலாக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் இது மதிப்பெண்ணை உயர்த்தியது, குறிப்பாகத் தேர்வு பயம் அதிகம் உள்ளவர்களுக்கு.

கேள்வி: மேலதிகாரி தினமும் எல்லோர் முன்னாலும் திட்டுகிறார். அதை நான் பார்க்கும் விதத்தை மாற்றினால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. தயவுசெய்து அதற்கு முயலவும் வேண்டாம். நம்மால் மாற்ற முடியாத நிலைமைகளில்தான் பார்வையை மாற்றுவது உதவுகிறது. மாற்றக்கூடிய நிலைமையில், பார்வையை மாற்றும் திறன் அதிகம் உள்ளவர்களிடம் மனச்சோர்வு அதிகமாகத் தென்படுவதை உளவியலாளர் அலிசன் ட்ராய் குழு 2013-இல் காட்டியது. திட்டு விழுந்த தேதியையும் சொன்ன வார்த்தைகளையும் அன்றன்றே எழுதி வையுங்கள். நம்பகமான ஒருவரிடம் சொல்லுங்கள், அந்த மேலதிகாரிக்கும் மேலே உள்ளவரிடம் புகார் கொடுங்கள். தூக்கமோ சாப்பாடோ கெட்டுப் போயிருந்தால் இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். வேறு வேலை தேடுவதும் சரியான வழிதான்.