தொகுப்புதான் இருக்கு, விமர்சனப் பார்வை இல்லைன்னு அசைன்மென்ட் திரும்பி வந்தா

இன்னும் நாலு கட்டுரை தேடிச் சேர்க்காதீங்க. கையில இருக்கிற ரெண்டு விளக்கத்தையும் ஒண்ணோட ஒண்ணு மோத விடுங்க. "இவர் இப்படி, அவர் அப்படி"ன்னு அடுக்கிட்டு, எது வலுவானதுன்னு சொல்லாம விட்டிருப்பீங்க. பெரும்பாலும் கோளாறு அங்கதான்.

உதாரணத்துக்கு, உங்க தலைப்பு "புதுச்சேரி கடற்கரையில மணல் ஏன் போச்சு"ன்னு வச்சுக்குவோம். துறைமுக அலைத்தடுப்புச் சுவர், புயல்னு ரெண்டு காரணம் எழுதியிருக்கீங்க. ரெண்டையும் பிரிச்சுக் காட்டுற சான்று எது? இந்தக் கரையோரம் வருஷக் கணக்குல பார்த்தா மணல் தெற்கிலிருந்து வடக்கே நகருது. சுவர்தான் காரணம்னா தெற்கே மணல் சேரணும், வடக்கே அரிக்கணும். புயல் மட்டும்னா ரெண்டு பக்கமும் அடி விழணும். 2011 டிசம்பர்ல வந்த 'தானே'ங்கிற புயலுக்கு முந்தைய, பிந்தைய படங்களை கூகுள் எர்த்ல வச்சு ஒப்பிடுங்க.

ஒரே மாசத்துப் படங்களா எடுங்க, பருவத்துக்குப் பருவம் கரை மாறும். கல் கொட்டின இடத்துல கரைக்கோடு நகராது, அதை அளந்து "அரிப்பே இல்லை"ன்னு எழுதிடாதீங்க (இது நிறையப் பேர் பண்றது).

அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு சோதனை: ஒவ்வொரு பத்தியிலும் "ஏன்னா", "ஆனா இது பொருந்தாது" மாதிரி நீங்களா எழுதின வாக்கியத்துக்கு அடிக்கோடு போடுங்க. கோடே விழாத பத்தி வெறும் சுருக்கம்.

விமர்சனம்னா எல்லார்கிட்டயும் குறை கண்டுபிடிக்கணும்னு இல்ல. ரெண்டு காரணமும் சேர்ந்தே வேலை செஞ்சிருக்கலாம்; அப்போ எது எந்த இடத்துல, எவ்வளவுன்னு சொன்னா போதும்.